பாரம் மாறிப் போச்சு

தைச்ச தையலைக் காணோம்.

காலையில கண்ணு வலிக்க வலிக்க உட்கார்ந்து தைச்சது. மத்தியானம் ரெண்டு வாய் சோத்தைத் தின்னுட்டு, கொஞ்சம் தலையைச் சாய்ச்சு எந்திரிச்சுப் பார்த்தா, துணி இருக்கு, ஊசி இருக்கு, ஊசி இறங்குன ஓட்டை கூட வரிசையா இருக்கு. நூலைத்தான் காணோம். என்ன எழவுடா இதுன்னு முத்துக்கருப்பன் போர்வையை இந்தப் பக்கம் புரட்டி, அந்தப் பக்கம் புரட்டி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சும் பார்த்தாரு. மேல் வரிசை அம்புட்டும் போச்சு.

எலியா இருக்குமோ? எலி கடிச்சிருந்தா துணியில்ல கந்தலாகணும். துணியை விட்டுட்டு நூலை மட்டும் தின்னுட்டுப் போற நாகரிகமான எலி நாரணாபுரத்துல எங்கன இருக்கு. செத்துப்போன பொண்டாட்டி வந்து பிரிச்சிருப்பாளோன்னு கூட நெனச்சுப் பார்த்தாரு. அவளுக்கு ஊசியில நூல் கோக்கவே பொறுமை கிடையாது, இதுல வந்து வரிசை வரிசையாப் பிரிப்பாளாக்கும். அப்படின்னா, காலையில தைக்கவே இல்லையா? தைச்ச மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்துட்டோமா? இந்த நெனப்பு வந்ததும் போர்வையைக் கீழ போட்டுட்டாரு.

அப்படி நெனக்காம என்ன செய்வாரு. போன மாசம் சிவகாசிக்கு வெத்தலை வாங்கப் போனவரு, திரும்புறதுக்குப் பஸ் ஸ்டாண்டுல நிக்கையில எந்த ஊருக்குப் போகணும்னு மறந்துட்டாரு. பிறந்து வளர்ந்த ஊரு பேரு நாக்குல வரமாட்டேங்குது. பக்கத்து ஊரு விஸ்வநத்தத்துக்காரர் ஒருத்தர் அடையாளம் தெரிஞ்சு கையைப் பிடிச்சுக் கொண்டுவந்து வீட்டுல விட்டாரு. அன்னையிலருந்து மகன் முனியராஜ் அவரைப் பார்க்கிற பார்வையே வேற. சோறு வைக்கையில ஒரு பார்வை, செருப்பு மாட்டையில ஒரு பார்வை. அதைத்தான் அவரால தாங்க முடியல.

இந்த நேரம் பார்த்து மருமக செல்வலட்சுமிக்கு ரெண்டாவது பிள்ளை. ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாக, ஆம்பளைப் பிள்ளை. தையல் போட்ட இடம் சட்டுனு ஆறாததால ஆஸ்பத்திரியிலேயே வச்சிருந்தாக. துணைக்கு அவ ஆத்தா மூக்கம்மாள் அங்கன இருந்தா. முனியராஜுக்குப் பட்டாசுக் கம்பெனியில தீபாவளி சீசன், லீவுன்னு வாயைத் திறக்க முடியாது. மூத்தவ எழிலுக்குக் காலாண்டு லீவு. ஒண்ணாப்புப் படிக்கிறவளை நாள் முச்சூடும் யாரு பார்க்கிறது?

"ஆமத்தூர்ல அவ மாமன் வீட்டுல விட்டுருறேன்ப்பா."

"ஏம்லே, நான் ஒருத்தன் இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, தெரியலையா?"

"இருக்கீக. ஆனா..."

"என்னலே ஆனா?"

முனியராஜ் பஸ் ஸ்டாண்டு பேச்சை எடுக்கல. எடுக்காம முழுங்குனதுதான் கிழவனுக்கு ரொம்பச் சுட்டுச்சு. "சரி, பாத்துக்கோங்க. இன்னொருக்க அப்படி எதாச்சும் ஆச்சுன்னா மறுபேச்சு கிடையாது, ஆமத்தூருதான்"னு சொல்லிட்டு அவன் வண்டியை எடுத்தான். அந்த வீட்டுல முத்துக்கருப்பன்கிட்ட வாய் குடுத்துப் பேசுறது எழில் ஒருத்திதான். அவளையும் கொண்டுபோயிட்டா அவரு சுவத்தோடதான் பேசணும்.

பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழஞ்சேலையில மெத்துனு ஒரு போர்வை தைச்சு வைங்கண்ணேன்னு மூக்கம்மாள்தான் சொல்லிவிட்டிருந்தா. முத்துக்கருப்பனுக்கு ஊசி புதுசில்ல. சிவகாசி பிரஸ்ல பைண்டிங் செக்சன்ல நோட்டும் புஸ்தகமும் தைச்சே முடி நரைச்சவரு. கை இன்னும் ஓடுது, கண்ணுதான் ஓடல. அதனால நூல் கோக்கிற வேலை எழிலுக்கு. கோத்துக் குடுத்ததோட விட்டாளா, மொத்தக் கங்காணி வேலையும் அவளே எடுத்துக்கிட்டா.

செல்வலட்சுமியோட நைஞ்ச வாயல் சேலை ரெண்டு பக்கமும், நடுவுல அவரோட பழைய வேட்டி, மேல எழிலுக்குப் பத்தாமப் போன கவுன்களை வெட்டி ஒட்டுத்துணி. கவுனை வெட்டச் சொன்னதும் அவதான். "தம்பி மேல என் கவுனு படணும். அப்பத்தான் அவனுக்கு அக்கா யாருன்னு தெரியும்"னா. ஒவ்வொரு துண்டுக்கும் பஞ்சாயத்து.

"நீலத்துக்குப் பக்கத்துல பச்சையை வைக்காதீக தாத்தா. தம்பி அழுவான்."

"ஏன் அழுவான்?"

"அழுவான்னா அழுவான்."

அதுக்கு மேல அப்பீல் கிடையாது. பச்சை இடம் மாறும். மாறுனதும் அடுத்த கேள்வி தயாரா இருக்கும்.

"அம்மா எப்ப தாத்தா வருவா?"

"தையல் பிரிச்சதும் வந்துருவா தாயி."

டாக்டரம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாக. வயித்தைக் கீறுன சங்கதியைப் பிள்ளைகிட்ட யாரும் சொல்லல, பயந்துருவாளேன்னு. அவளும் அதுக்கு மேல கேக்கல, தலையை ஆட்டிக்கிட்டு அடுத்த நூலைக் கோப்பா.

அப்படித்தான் நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு, இந்தத் தையல் காணாமப் போற கூத்து ஆரம்பிக்கிற வரைக்கும். அன்னையோட நின்னுச்சா, அதுவும் இல்ல. மறுநாள் கீழ் வரிசை போச்சு. அதுக்கடுத்து ஒரு நாள் ஒண்ணுமே போகல, அதுதான் அவரை இன்னும் குழப்புச்சு. அப்புறம் திரும்ப மேல. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆகிப்போச்சு அவருக்கு. விருதுநகரு, ஆமத்தூரு, திருத்தங்கலு, சிவகாசின்னு பஸ் நிக்கிற ஊரை வரிசையாச் சொல்லிப் பார்த்துக்கிட்டாரு. சரியாத்தான் வருது. பொண்டாட்டி செத்த மாசம், மகன் கல்யாணம், எல்லாம் சரியாத்தான் வருது. மண்டை நல்லாத்தான் இருக்கு, அப்பறம் நூலு எங்கன போகுது?

எழிலைக் கேட்டிருக்கலாம். கேக்கத்தான் வாய் வரல. கேட்டா அவ அப்பன் வந்ததும் "தாத்தா தைச்சதைக் காணோம்னு தேடுறாரு"ன்னு டமாரம் அடிச்சிருவா, மறுநாளே ஆமத்தூருதான். அதனால வாயைப் பொத்திக்கிட்டு, காணாமப் போனதைச் சாயங்காலத்துக்குள்ள அவக்கு அவக்குனு திரும்பத் தைச்சு வச்சிருவாரு. தைக்கையில எழில் அவரை ஒரு மாதிரிப் பார்ப்பா. அது என்ன பார்வைன்னும் அவருக்கு விளங்கல.

முனியராஜ் வந்து போர்வையை விரிச்சுப் பார்ப்பான். வரிசையை விரலால தடவிப் பார்ப்பான். "கோடு போட்ட மாதிரி இருக்கேப்பா. உங்க கைக்கு வயசே ஆகல"ன்னு ஒருநாள் சொன்னான். அன்னைக்கு அவன் பார்வையில பழைய மகன் தெரிஞ்சான். முத்துக்கருப்பனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் சமாளிச்சிட்டாப் போதும், செல்வலட்சுமி வந்துருவா, போர்வையும் முடிஞ்சிரும்னு நெனச்சாரு.

ஆனா அரிப்பு விடுமா? யாருன்னு தெரியாமச் சோறு இறங்கல. ஒரு மத்தியானம் சாப்பிட்டதும் வழக்கம் போலத் துண்டை விரிச்சுப் படுத்து, கண்ணை அரைக் கண்ணா மூடிக்கிட்டு, குறட்டையும் விட்டுக்கிட்டுக் கிடந்தாரு. கொஞ்ச நேரத்துல எழில் பூனை மாதிரி வந்தா. நூல் வெட்டுற குட்டிக் கத்தரியை எடுத்தா. போர்வையோட கீழ் வரிசையை மடியில இழுத்துப் போட்டு, நாக்கைத் துருத்திக்கிட்டு, ஒவ்வொரு தையலா நறுக்கு நறுக்குனு வெட்ட ஆரம்பிச்சா.

முத்துக்கருப்பன் எந்திரிச்சு உட்கார்ந்தாரு. அவ பதறவே இல்ல.

"ஏ பிள்ள, என்ன செய்யிற?"

"தையல் பிரிக்கிறேன்."

"ஏந்தாயி?"

"தையல் பிரிச்சாத்தான அம்மா வருவா? நீங்கதான சொன்னீக." அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "நான் பிரிக்கப் பிரிக்க நீங்க திரும்பத் தைச்சிருறீக. அப்புறம் அம்மா எப்படி வருவா?"

அடக் கடவுளே. கிழவனுக்குச் சிரிப்பு வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. இம்புட்டு நாளா நெஞ்சுல ஏறி உட்கார்ந்திருந்த கல்லு இறங்கிப் போச்சு. அவளை இழுத்து மடியில வச்சுக்கிட்டாரு. எலியும் இல்ல, பேயும் இல்ல, மண்டைக்கும் ஒண்ணுமில்ல.

"அட என் ராசாத்தி. மொத்தமும் நீதானா? நான் என்னென்னமோ நெனச்சுக் கிறுக்குப் பிடிச்சுக் கிடக்கேன்."

"மொத்தமும் இல்ல தாத்தா. நான் கீழ மட்டுந்தான். மேல முடிச்சு பெருசு, எனக்கு வெட்ட வராதுல்ல. மேல நீங்கதான பிரிச்சீக."

"நானா?"

"ஆமா. தூங்கி எந்திரிச்சு. முதல்ல நீங்கதான் பிரிச்சீக, அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சது, இதைத்தான் பிரிக்கணும்னு."

பிள்ளை விளையாடுறான்னு நெனச்சாரு. இல்ல, அப்படி நெனச்சுக்கத்தான் பார்த்தாரு.

"பாரம் மாறிப் போச்சு, மொதலாளி வந்தா ஏசுவாருன்னு சொல்லிக்கிட்டே பிரிச்சீக. நூலை வெட்டாம அப்படியே உருவி, விரல்ல சுத்திச் சுத்தி மடியில வச்சுக்கிட்டீக."

முத்துக்கருப்பனுக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. பாரம்னா அச்சடிச்ச பெரிய தாளை மடிச்ச மடிப்பு. புஸ்தகம் தைக்கையில வரிசை மாறி ஒரு பாரம் உள்ள போயிருச்சுன்னா, தைச்ச அம்புட்டையும் உருவித் திரும்பத் தைக்கணும். நூல் வீணாகக் கூடாதுன்னு விரல்ல சுத்தி மடியில செருகிக்கிறது அவரோட பழக்கம். பிரஸ்ஸை விட்டு வந்தபிறகு இந்த வீட்டுல அந்த வார்த்தையை அவரு பேசுனதே இல்ல. ஒண்ணாப்புப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இடுப்பு மடியைத் தடவிப் பார்த்தாரு. வேட்டி மடிப்புக்குள்ள நூல் சுருள் ஒண்ணு இருந்துச்சு.

"வேற என்ன தாயி சொன்னேன்?"

"என்னைய சங்கிலிமுத்துன்னு கூப்பிட்டீக. எனக்குச் சிரிப்பாணியா வந்துச்சு. நானும் சரிண்ணேன்னேன்."

சங்கிலிமுத்து பிரஸ்ல அவருக்குப் பக்கத்துல உட்கார்ந்து பசை காய்ச்சுன ஆளு. செத்து எம்புட்டோ காலமாச்சு.

"அப்புறம் பசை காய்ச்சணும், அடுப்பைப் பத்த வைலேன்னீக. தீப்பெட்டி உரசுனா அம்மா அடிப்பாளேன்னு சொன்னேன். நீங்களே பத்த வச்சீக. பத்த வச்சிட்டு வந்து திரும்பப் படுத்துட்டீக. தீ விறகுல ஓடி வெளிய வந்துருச்சு தாத்தா, பழஞ்சேலை மூட்டைக்கிட்ட வந்துருச்சு. நாந்தான் செம்புல தண்ணி மோந்து ஊத்துனேன்." சொல்லையில அவ முகத்துல பெருமை வழிஞ்சுச்சு.

"ஏன் பிள்ள யாருகிட்டயும் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அவருக்குப் பயம்னா பயம், உள்ளங்கால் வரைக்கும் இறங்குச்சு. தான் எப்ப தானா இருக்கோம், எப்ப இல்லைன்னே தெரியாத ஒரு மனுசன்கிட்ட இந்தப் பிள்ளை தனியா இருந்திருக்கு. ஊரு பேரை மறந்தா யாராச்சும் கொண்டுவந்து விடுவாக. இதுக்கு யாரு வருவா?

அன்னைக்கு முனியராஜ் வெளிச்சம் இருக்கையிலேயே வந்துட்டான். வண்டியை நிறுத்துறதுக்குள்ள சொல்லிட்டான். "தையல் பிரிச்சாச்சுப்பா. நாளைக்கு அனுப்பிருறாகளாம்."

எழில் குதிச்ச குதியில கொலுசு கழண்டு விழுந்துச்சு. தாத்தாவைப் பார்த்துக் கண்ணை அடிச்சா, பார்த்தீகளா, பலிச்சிருச்சுங்கிற மாதிரி.

முனியராஜ் அவரு பக்கத்துல வந்து உட்கார்ந்தான். "பிள்ளையை ஒரு குறை இல்லாமப் பாத்துக்கிட்டீகப்பா. நாந்தான் கிறுக்குத்தனமா ஆமத்தூரு ஆமத்தூருன்னு உங்களைப் படுத்திட்டேன். செல்வலட்சுமியை நேரா இங்கனயே கூட்டியாந்துருறேன். சீசன் முடியிற வரைக்கும் நான் கம்பெனிக்குப் போனாலும் நீங்க இருக்கீக, எனக்கென்ன கவலை."

எந்த வார்த்தைக்காக இத்தனை நாளா அவரு உசிரைக் குடுத்துத் தைச்சாரோ அந்த வார்த்தை. சும்மா தலையை ஆட்டியிருந்தாப் போதும். பிள்ளையும் யாரும் கேக்காமச் சொல்லமாட்டா.

"வேண்டாம்லே. ஆத்தாளையும் பிள்ளைகளையும் ஆமத்தூருக்கே கொண்டு போயிரு."

"என்னப்பா, கோவமா?"

"கோவம் இல்லலே. எம்புத்தி எங்கிட்ட நிக்கல. மத்தியானத்துல பிரஸ்ஸுக்குப் போயிருறேன். பிள்ளையைச் சங்கிலிமுத்துங்கிறேன். அடுப்பைப் பத்த வச்சுட்டுப் படுத்துருக்கேன்லே. இவதான் அணைச்சிருக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

முனியராஜ் சிரிக்கப் பார்த்தான். அப்பன் முகத்தைப் பார்த்து நிறுத்திட்டு மகளைப் பார்த்தான். அவ ஆமான்னு தலையை ஆட்டுனா.

"நான் ஆமத்தூருக்குப் போகமாட்டேன்"னு எழில் தாத்தாவோட கையைப் பிடிச்சுக்கிட்டா. "தாத்தாவுக்கு யாரு நூல் கோத்துக் குடுப்பா?"

முனியராஜ் எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போனான். அடுப்பு மேல இருந்த தீப்பெட்டியை எடுத்துத் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, அப்பனைப் பார்க்காம நின்னான்.

"மாடக்குழியில இன்னொண்ணு இருக்குலே"ன்னாரு முத்துக்கருப்பன். "அதையும் எடுத்துக்கோ."