அக்கரையை இழுத்த ரீல்

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பார்வை மங்கிய தையல்காரர் ஏரியின் அக்கரையைத் தூண்டிலில் மாட்டி இக்கரைக்கு இழுத்துவிட்டார். மரங்கள், சலவைக்கடை, கொடியில் காய்ந்த துணிமணி எல்லாம் அலுங்காமல் வந்து சேர்ந்தன. நடுவில் ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடும் அளவுக்கே தண்ணீர் மிஞ்சியது. ஊருக்குக் கொண்டாட்டம். படகுக்காரிக்கு மட்டும் வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷமாகத் துடுப்புப் போட்டுப் பிழைத்தவள். இனி எவன் படகில் ஏறுவான்?

தையல்காரர் மேல் அவளுக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் தூண்டில் கடைக்காரன் மேல்தான். அவன் கடையில் தூண்டில் நரம்பைச் சுற்றி இழுக்கும் ரீல் மூன்று வகை இருந்தன. மெல்லிய நரம்புக்கும் சின்ன மீனுக்கும் கைக்கடக்கமான ஸ்பின்னிங் ரீல். பாசிக்குள் பதுங்கும் முரட்டு மீனைக் குறிபார்த்துப் பிடிக்க, கட்டைவிரலால் அடக்கி வீசும் பெய்ட்காஸ்டர். மூன்றாவது, ஆழ்கடலில் ஆள் கனமுள்ள மீனோடு மல்லுக்கட்டும் ராட்சச ரீல். வாங்க ஆளில்லாமல் தூசி படிந்து கிடந்தது. விரல் நீள மீன் பிடிக்க வந்த தையல்காரர் தலையில் அதைத்தான் கட்டினான் அந்தப் புண்ணியவான். போதாக்குறைக்கு, மீன் திமிறி இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுப்பதற்காக இருக்கும் பிரேக்கையும் முழுசாக இறுக்கி முறுக்கிக் கொடுத்திருந்தான். கொக்கி அக்கரை வேரில் மாட்டியது. நல்ல கனமான மீன் என்று நினைத்துத் தையல்காரர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

படகுக்காரி கடை வாசலில் நின்று கத்தினாள். "ஏன்யா, கண்ணு தெரியாத மனுஷன் பொடி மீனுக்கு ரீல் கேட்டா, கப்பலை இழுக்கறதையா குடுப்ப? நீயெல்லாம் மனுஷனா?"

"இப்ப என்னம்மா குடி முழுகிப்போச்சு? ரெண்டு கரையும் ஒண்ணாயிடுச்சு, நல்லதுதானே."

"என் பொழப்புல மண்ணு விழுந்திருக்கு, நல்லதாம்ல!"

விற்றது விற்றதுதான் என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே ஒரு எட்டில் ஏரியைத் தாண்டி அக்கரைக்குச் சாப்பிடப் போனான். ஊரில் ஒருத்தராவது அவள் பக்கம் பேசினார்களா? ஒருத்தரும் இல்லை. என்ன அநியாயம் இது!

அவள் நேரே தையல்காரரிடம் போனாள். அவர் இன்னும் தூண்டிலை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கை கடுக்குதும்மா. விட்டா மீனு போயிடுமோன்னு பார்க்கறேன்."

"போகட்டும்ண்ணே. இப்படிக் குடுங்க."

பிரேக்கைத் தளர்த்தினாள். ரீல் கிறீச்சிட்டுச் சுழல, அக்கரை பின்வாங்கியது. பழைய இடத்துக்குப் போயும் நிற்கவில்லை. கடலுக்கென்று சுற்றிய நரம்பு லேசில் தீருமா? கடைசிச் சுற்று அவிழ்ந்த பிறகே நின்றது. அதற்குள் மரங்கள் கடுகளவு ஆகிவிட்டன. பிறகு நில அளவைக்காரர்கள் வந்து புது அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். 

கரை விலகிய அன்றைக்கே, சாப்பிடப் போயிருந்த கடைக்காரன் அக்கரையிலிருந்து துண்டை வீசி வீசிப் படகைக் கூப்பிட்டான். அவள் நிதானமாக டீயைக் குடித்து முடித்து, துடுப்பை எடுத்துக்கொண்டு போனாள். கூப்பிட்டால் போவதுதானே தொழில். முன்பெல்லாம் ஒரு ஆளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்குள் கரை வந்துவிடும். இப்போது பொழுது சாயும் வரை துடுப்புப் போட ஏரி கிடந்தது. அவன் அவளுக்கு எதிர்ப்பலகையில் உட்கார்ந்தான். கடை வாசலில் கேட்டதையெல்லாம் அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.