ஹெனோடஸுக்குக் கண் வைக்கவில்லை

சிம்பாங் பூலாயைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. மோட்டாரைச் சாலையோரம் நிறுத்தினேன். ஒரு சிறுவர் புத்தகத்துக்காக முந்தாநாள் கோலாலம்பூருக்கு அனுப்பிய ஆறு படங்களில் கடைசிப் படத்துக்கு நான் கண் வைக்கவே இல்லை.

கோபுரச் சிலைகளுக்கு வர்ணம் தீட்டுவது என் தொழில். எங்களுக்குக் கண்தான் கடைசி. உடம்பு, உடை, நகையெல்லாம் முடிந்தபிறகு, மறுநாள் காலையில் குளித்து, வெறும் வயிற்றோடு சாரம் ஏறிக் கண் திறப்போம். கொரோனாவுக்காக எம்சிஓ என்று ஊரடங்கு போட்ட காலத்தில் கோயில்களெல்லாம் பூட்டிக் கிடக்க, கை சும்மா இருக்க மாட்டாமல் பழங்கால ஊர்வனவற்றைப் படித்துப் படித்து வரைய ஆரம்பித்தேன். டைனோசரை வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்ததெல்லாம் ஒருவரும் கண்டுகொள்ளாதவை: உடம்பைவிடக் கழுத்து நீண்ட தானிஸ்ட்ரோஃபியஸ், பின்னங்கால் தோலை விரித்துச் சறுக்கிய ஷரோவிப்டெரிக்ஸ், ஆமையைப் போலவே இருந்தும் ஆமையே இல்லாத ஹெனோடஸ். அதுகளுக்கும் மறுநாள் குளித்துவிட்டுத்தான் கண் வைப்பேன். என் மனைவி தினேஸ்வரி கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். ஹெனோடஸுக்கான அந்த மறுநாள்தான் படங்களை அனுப்பவேண்டிய கெடு நாள். ஓடிய ஓட்டத்தில் கட்டி அனுப்பிவிட்டேன், மடையன்.

இருபத்தோரு வருடமாகப் பேராக் முழுக்கக் கோபுரம் ஏறுகிறேன். கல்வெட்டில் உபயகாரர் பெயர் இருக்கும், தலைவர் பெயர் இருக்கும். தீட்டியவன் பெயரை யார் போடுகிறார்கள்? இந்தச் சிறுவர் புத்தகத்தில்தான் முதன்முதலாக வரப்போகிறது. அதிலும் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனே.

பதிப்பாசிரியர் சுவர்ணாவை அழைத்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பதென்று தெரியாமல் உளறினேன். பார்சலை நேற்றே பிரித்து, படங்களைச் சரிபார்க்கும் பேராசிரியரிடம் காட்டிவிட்டதாகச் சொன்னார்.

“அண்ணே, நல்ல வேளை நீங்க கண்ணு வைக்கல. பென்சில்ல குறிச்சிருக்கீங்கல்ல, அந்த எடம் தப்பாம். தலைக்கு நடுவுல வராதாம். நல்லா முன்னால, மூக்குகிட்ட இருக்கணுமாம். பெயிண்ட் வச்சிருந்தா படமே போயிருக்கும்லா.”

உடும்பைப் பார்த்துக் குறித்த இடம் அது. நீர்வண்ணம், வைத்தால் அழிக்க முடியாது. கட்டம் கட்டமாக அந்த ஓட்டைத் தீட்டவே மூன்று வாரம் ஆகியிருந்தது. வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது எனக்கு. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். கல் லாரிக்காரன் ஒருவன் ஹாரனை அழுத்திவிட்டுப் போனான். போகட்டும், அவனும் நல்லா இருக்கட்டும்.

படத்தைத் திருப்பி அனுப்புவதாகவும், கண் வைக்க ஒரு வாரம் தருவதாகவும் சுவர்ணா சொன்னார். நான் எத்தனை தடவை நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

“அப்புறம் அண்ணே, அட்டையில உங்க பேர எப்படிப் போடட்டும்?”

அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குள் இன்னொரு லாரி இரைந்துகொண்டு கடந்தது. கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சீனி மகன் ரூபன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. லாரி இரைச்சலில் அது தப்பிவிடாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.