ஆஜரானவர்கள் இருவர்

"ரெண்டு பேர் டோக்கனும் எங்கிட்டதாம்மா இருக்கு. கம்பெனிப் பேருக்குக் கொடுத்த இருபது நாள் கெடு இன்னியோட முடியுது. கையெழுத்து ஏத்தி அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார் ஆடிட்டர் பரணிதரன்.

மாலதி போனைக் காதில் வைத்தபடி வரப்பில் நின்றாள். கூட்டாளி செந்தாமரை இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் வீட்டிலேயே உயிர் போய்விட்டது. தஞ்சாவூர் கீழவாசலில் இருக்கும் ஆடிட்டருக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவள் மாலதிதான்.

"அனுப்பிடுங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது. விரல் நீளமுள்ள அந்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கணினியில் செருகி, செத்துப்போனவளின் கையெழுத்தை ஆடிட்டர் போட்டார். மறு வாரம் சான்றிதழ் வந்தது. தூறல் அக்ரோ சர்வீசஸ் பிரைவேட் லிமிடெட். டைரக்டர்கள் இருவர்: செந்தாமரை, மாலதி.

ட்ரோன் வைத்து வயலுக்கு மருந்து தெளிக்கிற கம்பெனி. இருவரும் சேர்ந்தே பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள். செந்தாமரையின் தாய் அம்சம், மாலதியின் அப்பா ரெங்கசாமியின் வயலில் இருபது வருஷம் நடவு நட்டவள். "அம்சம் மவளுக்குப் பாதிக்குப் பாதியா?" என்று ரெங்கசாமி கேட்டபோது, "ஆமாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள் மாலதி. கம்பெனியின் பதிவு அலுவலகமாகக் கூடத் தன் வீட்டு விலாசத்தைத்தான் கொடுக்கவேண்டும் என்று செந்தாமரை பிடிவாதமாக இருந்தாள். அவள் இறந்த மூன்றாம் நாளே ரெங்கசாமி, "அந்த இடத்துக்கு மதிவாணனைப் போட்டுடு" என்றார். மதிவாணன் மாலதியின் அண்ணன். அவன் வந்தால் அது அப்பாவின் கம்பெனியாகிவிடும். அந்தக் கோபத்தில்தான் மாலதி வரப்பில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னாள்.

கோபம் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. மற்றது அடங்கவில்லை.

ட்ரோனை ஏற்றினால் எதிர் வரப்பில் ஒரு ஆள் நின்று, "திருப்பு" என்று குரல் கொடுக்கவேண்டும். இப்போது மாலதி தனியாகத்தான் ஓட்டுகிறாள். இருந்தாலும் வயலின் கடைசிக்கு ட்ரோன் போகும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்டது. பட்டப்பகலில், சம்பாப் பயிருக்கு மேலே, தெளிவாக. கேட்டதும் கை தானாகத் திருப்பிவிடும். நிமிர்ந்து பார்த்தால் வரப்பில் கொக்கு ஒன்று நிற்கும், சில நேரம் அதுவும் இருக்காது.

பேங்கில் கணக்குத் தொடங்கப் போனாள். "இன்னொரு டைரக்டர் எப்ப வருவாங்க?" என்றார் அதிகாரி.

"வெளியூர் போயிருக்காங்க."

"எப்ப திரும்புவாங்க?"

அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வெளியே வண்டியை எடுக்கும்போது பின் சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் வண்டி ஒரு பக்கம் அழுந்தியது. திரும்பிப் பார்க்காமல் ஒரத்தநாடு வரைக்கும் ஓட்டினாள்.

அன்று சாயங்காலம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து முதல் போர்டு மீட்டிங்கின் நடவடிக்கைக் குறிப்பை அனுப்பியிருந்தார்கள். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி அச்சடிக்கிற பக்கம்தான். ஆஜரானவர்கள்: இருவர். செந்தாமரை தலைமை வகித்தார். செந்தாமரை முன்மொழிந்தார். செந்தாமரை நன்றி கூற, கூட்டம் பதினொன்றரை மணிக்கு முடிந்தது. மாலதி அதைப் படித்தாள். செந்தாமரை நன்றி கூறுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கழுத்தைச் சாய்த்து, பாதிச் சிரிப்போடு. அதை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அம்சம் போன் செய்தாள்.

"பாப்பா, செந்தா பேருக்குத் தபால் வந்திருக்கு. வந்து என்னான்னு பாத்துட்டுப் போ."

புதாற்றுக் கரையை ஒட்டிய தெருவில் அம்சத்தின் வீடு. உள்ளே நுழைந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். முன்னறையைக் கழுவித் துடைத்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, நடுவில் ஸ்டூலில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தாள் அம்சம்.

"உக்காரு. உங்க ஆபீஸ்தான இது? போஸ்ட்மேன் படிச்சுக் காட்டினாரு. டைரக்டர் செந்தாமரைன்னு போட்டிருக்காமே."

மாலதி உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியைப் பார்க்க முடியவில்லை. அதில் அம்சம் உட்காரவும் இல்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"சாவைப் பதியணும்னு விஏஓ ரெண்டு தடவ ஆள் விட்டுட்டாரு, பாப்பா. நான் போகல. அங்க செத்துட்டான்னு எழுதிட்டா, இங்க பேரை அடிச்சிருவாங்கல்ல?"

மாலதி முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை நின்றதும் சொன்னாள்: "அம்மா, அது அவ போட்ட கையெழுத்து இல்ல. அவ போனப்புறம் நான் போடச் சொன்னது."

அம்சம் ஸ்டூலில் இருந்த டம்ளரை எட்டி எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "தெரியும்" என்றாள். "எனக்குப் படிக்கத்தான் தெரியாது. தேதி தெரியும். கம்பெனி பதிஞ்ச தேதியையும் போஸ்ட்மேனைப் படிக்கச் சொன்னேன். காயிதத்துலயாவது இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

"அது என்ன நிம்மதியா இருக்க விடமாட்டேங்குதும்மா. வயல்ல கூப்பிடுறா. வண்டியில ஏறுறா. எனக்குப் பயமா இருக்கு."

"உன்கிட்டயாவது வர்றா" என்றாள் அம்சம். "நான் நாற்காலி போட்டு நாலு நாளாச்சு."

மாலதி அங்கிருந்தே பரணிதரனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தித் தீர்த்தார். "என் தலைக்கே கத்தி வச்சிட்டியேம்மா" என்றார். பிறகு குரல் இறங்கி, வக்கீலிடம் அழைத்துப் போனார். கம்பெனிப் பதிவாளருக்கு நடந்தது நடந்தபடி எழுதி, மாலதி தன் சொந்தக் கையால் கையெழுத்துப் போட்டாள். கம்பெனி போய்விடும், வழக்கும் வரலாம் என்றார் வக்கீல். வரட்டும் என்றாள்.

கடிதம் போன பிறகு எதிர் வரப்பில் குரல் கேட்கவில்லை. அவள் காத்திருந்தும் பார்த்தாள்.

அந்த வாரமே அம்சத்தைக் கூட்டிக்கொண்டு விஏஓ அலுவலகம் போனாள். அவர் பேர், வயது, தெரு எல்லாம் கேட்டு எழுதினார். தொழில் என்ற இடத்தில் கேட்காமலே, 'விவசாயக் கூலி' என்று எழுதினார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"கூலி இல்லங்கய்யா" என்றாள் அம்சம். "கம்பெனி டைரக்டரு."

விஏஓ மாலதியைப் பார்த்தார். அம்சமும் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"அதை எழுதாதீங்க சார்" என்றாள் மாலதி. செந்தாமரையின் லைசென்ஸ் அட்டையை மேசைமேல் வைத்தாள். "ட்ரோன் பைலட்னு எழுதுங்க."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பழைய சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதினார். அம்சம் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள்.

வெளியே வந்ததும் மாலதி வண்டியை எடுத்தாள். "ஏறுங்கம்மா."

"நீ போ பாப்பா. நான் நடந்தே வர்றேன்."

அம்சம் ஆற்றங்கரையில் இறங்கி நடந்தாள். அவள் பேசிக்கொண்டே போவது மாலதிக்குக் கேட்டது. யாரிடம் என்று கேட்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு, பேச்சு எட்டாத தூரத்தில், பின்னாலேயே நடந்தாள்.