ஜின்னியா வரிசையில் ஒரு மேடம்

“இந்த வேலையை விட்டுட்டு என்கூட வந்துடும்மா.”

கேட்டுவிட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், உன் அம்மாவிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சித்தி நேற்றுகூடத் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். ‘எங்க வீட்டுப் பட்டதாரிக்கு வாயில பூட்டு கிடையாது’ என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறவளும் அவள்தான். பிறகு என்னிடம் எதை எதிர்பார்த்தாள்?

அம்மா நிமிரவில்லை. ஜின்னியா வரிசையில் குனிந்து, காய்ந்த பூக்களைக் கிள்ளி இடுப்பில் கட்டிய பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி ஒரு தொப்பிக்காரர் தன் மனைவியைப் பூக்களுக்கு நடுவே நிறுத்தி, கொஞ்சம் திரும்பு, கொஞ்சம் சிரி என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“கத்தரியை அப்படிப் பிடிக்கக் கூடாதுங்க மேடம். கையைக் கிழிச்சிடும்.”

மேடம். பெற்றவளுக்கு நான் மேடம்.

இந்தத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் தாங்களே பூ வெட்டிக்கொள்ள வேண்டும். வாசலில் டிக்கெட் வாங்கினால் ஒரு வாளியும் கத்தரியும் தருவார்கள். வாளி நிறைகிறவரை வெட்டலாம். வேலைக்காரர்கள் சொல்லித் தரலாம், வெட்டித் தரக் கூடாது. வேலை இடத்தில் உறவு கொண்டாடினால் ஓனரம்மாவுக்குப் பிடிக்காது, வந்தால் எல்லாரையும்போல வந்துவிட்டுப் போ, அம்மா என்று கூப்பிட்டுவிடாதே என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நம்பினேன். அதனால்தான் என் அம்மாவைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

அப்பா போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாலு வயது. என்னைச் சித்தியிடம் விட்டுவிட்டு அம்மா இங்கேயே தங்கி வேலை செய்ய வந்தாள். தோட்டத்துக்கு லீவு திங்கட்கிழமைதான். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வருவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவதற்குள் பாதி நாள் போயிருக்கும், மீதியில் அவள் அசதியில் தூங்குவாள். போன மாதம் எனக்குப் பட்டமளிப்பு விழா. அம்மாவுக்கு டாலியாப் பூ சீசன். சித்திதான் வந்தாள். எனக்கு முன்னால் மேடையேறிய பெண்ணை நான் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டிவிட்டு, நான் ஏறியபோது மறுபடியும் தட்டினாள்.

“எப்பங்க வெட்டணும் இதை?” என்று தொப்பிக்காரர் கிட்டே வந்தார்.

அம்மா ஒரு தண்டைப் பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து ஆட்டினாள். “இப்படி ஆட்டிப் பாருங்க. தலை தொங்கிச்சுன்னா இன்னும் முத்தலைன்னு அர்த்தம். வெறைப்பா நின்னா வெட்டலாம்.”

“கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் இதைச் சொல்லித் தரலையே,” என்றார் அவர்.

“முத்தாததைக் கட்டிக்கிட்டு நான்தான் அவஸ்தைப்படறேன், நடங்க,” என்று மனைவி அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சித்தி வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

“எனக்கு வேலை கிடைச்சிருக்கு. தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல,” என்றேன். “வீடும் பாத்துட்டேன். ரெண்டு ரூம். ஜன்னல் வச்ச ரூம் உனக்கு. சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணும்.”

“இங்கயும் ஜன்னல் இருக்கு.”

“சுவத்தைப் பாத்த ஜன்னல்னு நீதான சொன்ன?”

“மெதுவாப் பேசு. அங்க வந்து சும்மா உக்காந்திருக்க என்னால ஆகாது.”

“உன்னை யாரு சும்மா உக்காரச் சொன்னா? அங்க வந்து வேற வேலை பாரு.”

“வேற வேலை எனக்குப் பிடிக்காது,” என்றாள். சமாதானமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. “பூம்மா!”

ஓனரம்மாவின் மகள். பதினெட்டு வயது இருக்கும். காதில் ஒரு ஒயர், காலில் சேறு. அவளைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். விளக்குப் போட்டதுபோல என்று எழுதலாம். அப்படி எழுதினால் அழகாகிவிடும். எனக்கு அது அசிங்கமாக இருந்தது. எனக்குப் பொறாமை. மரியாதையான வேறு வார்த்தை தேடப்போவதில்லை.

“தொப்பி எங்கடி? மண்டை காஞ்சு போயிரும்,” என்று அம்மா தன் துண்டின் முனையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். எனக்கு மேடம், அவளுக்கு ‘டி’. அந்த ஓரெழுத்துக்காக நான் யார் காலில் வேண்டுமானாலும் விழுந்திருப்பேன்.

“நாளைக்கு ஹாஸ்டல் போறேன்ல, ரூமுக்குப் பூ வேணும்.”

“வெட்டிட்டா போச்சு.” அம்மா அடுத்த வரிசைக்குப் போனாள். டாலியா மொட்டை வெட்டினால் பிறகு விரியாது என்பதால் முழுதாக மலர்ந்ததாகப் பார்த்து, ஒவ்வொரு பூவின் முதுகையும் புரட்டிப் பார்த்து, வாடிய இதழ் ஒன்று இருந்தாலும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். வேலைக்காரர்கள் வெட்டித் தரக் கூடாது என்று பலகையில் எழுதிப் போட்டிருந்த இடத்தில் நின்றுதான் அவளுக்காக ஒவ்வொன்றாக வெட்டினாள்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இவங்க?”

அம்மா வாயைத் திறந்தாள்.

“இரு, இரு, நான் சொல்றேன். அப்படியே உன் மூக்கு!” என்று அவள் கைதட்டினாள். “நீங்க பூம்மாவோட தங்கச்சி பொண்ணுதானே? காலேஜ்ல ஃபர்ஸ்ட் வந்தவங்க! உங்க போட்டோவை அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருக்காங்க. நான் மார்க் குறைஞ்சு வந்தா உடனே கதவைத் திறந்து காட்டுவாங்க. எவ்ளோ கடுப்பா இருக்கும் தெரியுமா?”

சிரித்தாள். அவளிடம் ஒரு பொட்டுக் கெட்ட எண்ணம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“பூம்மாவுக்குக் குழந்தை இல்லாட்டி என்ன, நாம ரெண்டு பேர் இருக்கோம்ல?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த டாலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இல்ல, என் பொண்ணு.’ மூன்று வார்த்தை. அதற்கு மேல் நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். வேலையை விடச் சொல்லியிருக்க மாட்டேன், வீட்டைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். காத்திருந்தேன். ஒரு தேனீ அந்தப் பூவுக்குள் போய், சாவகாசமாகச் சுற்றிவிட்டு, வெளியே வந்து பறந்துபோனது.

“ஆமா,” என்றேன். “பெரியம்மாவைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அம்மா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் கவனிக்கவில்லை. கொட்டகைப் பக்கமிருந்து ஓனரம்மா கூப்பிட, பூக்களை அள்ளிக்கொண்டு, “சாப்பிட்டுட்டுதான் போகணும்!” என்று என்னிடம் கத்திக்கொண்டே ஓடினாள்.

“நான் இங்க வந்தப்ப இவ கைக்குழந்தை,” என்றாள் அம்மா. “புள்ளையப் பாத்துக்கதான் ஆள் தேடினாங்க. சொந்தப் புள்ளை இருந்தா மனசு அங்கதான் இருக்கும், வேணாம்னாங்க. எனக்கு யாரும் இல்லன்னுட்டேன். வேற வழி தெரியலை.”

“அது அன்னிக்கு. இத்தனை வருஷமா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். ஒருநாள் இவ கேட்டா, என்னை விட்டா உனக்கு யாரு இருக்கா பூம்மான்னு. அஞ்சு வயசு. மடியில படுத்துக்கிட்டு. அவகிட்ட எப்படிச் சொல்றது?”

அந்த ஐந்து வயதின் மனசு நோகக் கூடாது. அதற்காக எட்டு வயதில் சித்தி வீட்டுப் பாயில் படுத்துக்கொண்டு திங்கட்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி பிறக்காமலே இருந்துவிடலாம். எனக்குக் கோபம் வாய்வரை வந்தது. ஓனரம்மாவிடம் போய் உடைத்துவிட இரண்டு நிமிடம் போதும். அம்மாவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், கொட்டகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்தப் பயத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அவள் எதை இழக்கப் பயப்படுகிறாள் என்று தெரிந்துவிட்டது. அது நான் இல்லை.

“பயப்படாத. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றேன். “அந்த ரூமை சித்திக்குக் குடுக்கறேன்.”

“என்ன பேசற நீ?”

“காய்ச்சல் வந்தா முழிச்சிருந்தது அவதான். என் மேல கைநீட்டினதும் அவதான். ஜன்னல் அவளுக்குத்தான் சேரும். நீ வரணும்னா வா, வேணாம்னு சொல்லல. ஆனா உன் தங்கச்சி வீட்டுக்கு வர்ற மாதிரி வா.”

“கொஞ்சம் இரு,” என்றாள். கண் கலங்கியிருந்தது. கத்தரியை எடுத்தாள். “உனக்கும் நல்லதாப் பாத்து வெட்டித் தரேன்.”

“வேணாம். அவ கைக்குப் போனதுபோக மிச்சம்தான் இருக்கும்.”

சொன்ன பிறகு, அது பொய் என்று கண்ணால் பார்த்தேன். வேலி வரைக்கும் பூ.

வாசலில் காலி வாளியையும் கத்தரியையும் மேஜை மேல் வைத்தேன். “ஒரு பூகூட வெட்டலையா? வெயிலா?” என்று டிக்கெட் கொடுத்த பெண் கேட்டாள். “வெயிலுதான்,” என்றேன். வாசல் குறுகல். எதிரே ஒரு குடும்பம் வாளிகளோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் நடையைக் குறைக்கவில்லை.