டீத்தூள் டப்பாவுக்குள் பீஸ் கட்டை

எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக நடையாய் நடந்தவள் நான்தான். அது எரிந்த அன்று பயந்தவளும் நான்தான்.

பக்கத்துத் தெருவில் முதலில் சாக்கடைக்கு மூடி வந்தது. அப்புறம் விளக்கு, அப்புறம் கண்ணாடி போட்ட காபிக் கடை. கடைசியில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அங்கே என் அக்கா வாடகைக்கு இருந்த வீட்டில் இப்போது நாய்க்கு முடி வெட்டுகிறார்கள். அவள் ஊருக்கு வெளியே எங்கேயோ இருக்கிறாள். அடுத்தது நாங்கள்தான்.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். இந்தப் பகுதித் தெருவிளக்குகள் அவர் பொறுப்பு. அவரை நச்சரித்து, கம்பத்துப் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையை உருவ வைத்தேன். கைக்கு அடக்கமான அந்தப் பீங்கான் துண்டை டீத்தூள் டப்பாவுக்குள் புதைத்தேன். தெரு மொத்தமும் இருட்டு. யார் புகார் கொடுத்தாலும் அவரிடமே வரும். பெட்டியைத் திறந்து, தலையைச் சொறிந்து, கேபிளில் கோளாறு என்பார். இப்படி ஒரு நடிகரைக் கட்டியிருக்கிறோமே என்று சிரிப்பாக இருந்தது.

எதிர்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டு ஓனர், நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை வாங்க ஒரு ஆளைச் சாயங்காலம் அழைத்து வந்தார். அந்த ஆள் காரை விட்டு இறங்கவே இல்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம், மருந்துக்கடை வேலை முடிந்து வந்துகொண்டிருந்த மகள் போன் செய்தாள்.

"அம்மா, யாரோ பின்னாடியே வராங்க. நான் நின்னா அவங்களும் நிக்கிறாங்க."

தெருவுக்குள் நுழைந்துவிட்டாளாம். தெருமுனையில் இரண்டு பக்கமும் குடோன் சுவர். ஜன்னல் வெளிச்சம்கூட விழாது.

"ஒண்ணுமே தெரியலம்மா. போனை வச்சிடாதே."

டப்பாவைக் கவிழ்த்தேன். தரையெல்லாம் டீத்தூள். கட்டையைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்காரர் கம்பத்துக்கு ஓடினார். நான் அவள் பெயரைக் கத்திக்கொண்டு இருட்டுக்குள் ஓடினேன். போனில் பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டது. இந்த இருட்டை உண்டாக்கியவள் நான்தானே.

பளிச்சென்று விளக்குகள் எரிந்தன. மகள் பையை நெஞ்சோடு அணைத்தபடி நடுத்தெருவில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவன். வெளிச்சத்தைப் பார்த்ததும் திரும்பி, அவசரமே இல்லாமல் நடந்து போனான்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் வாசலுக்கு வரும்வரை என் கையை விடவில்லை.

சத்தம் கேட்டு ஓனர் பால்கனிக்கு வந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண் தெருவின் மேல் போய்விட்டது. செல்போனை எடுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாகப் படம் பிடித்தார்.

வீட்டுக்காரரும் அதைப் பார்த்தார். பெட்டிக்குள் மறுபடி கட்டையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார்.

"பெட்டியைப் பூட்டிட்டு வாங்க" என்றேன்.