எண்பத்தொன்பதாம் பக்கம்

செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்கு அழைப்பு மணி அடித்தது.

கருணாகரன் கதவைத் திறந்தார். மூச்சு வாங்கியபடி மஹதி நின்றாள். கையில் ஹெல்மெட், தோளில் பை. போனில் சொன்னதையே மறுபடியும் சொன்னாள். செம்பியனின் மாத நாவல்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அவை அச்சான தியாகராய நகர் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர் கருணாகரன். அங்கே வேலை பார்த்தவர்களில் இன்று இருப்பவர் அவர் ஒருவர்தான்.

"லிஃப்ட் கெடையாது. போன்ல சொல்ல மறந்துட்டேன்."

"பரவால்ல சார். எங்க கைடு குருபிரசாத் சார் ரூம் நாலாவது மாடி. ஏறி ஏறியே பாதி தீசிஸ் முடிஞ்சுது."

சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் மனைவி அலமேலு காபியோடு வந்தாள்.

"'மழைக்குள் நின்றவள்' நாவலைப் பத்தியா எழுதறே? நாலு தடவை படிச்சிருக்கேன். நாலு தடவையும் அழுதேன். இவர் அதை ஆத்துல வெச்சுக்கவே விடமாட்டார். கல்யாணமான புதுசுல ஒண்ணு வாங்கிண்டு வந்தேன். மறுநாளே பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டார்."

"ஏன் சார்?"

"திருத்தின புஸ்தகத்தை எவன் மறுபடி படிப்பான்," என்றார் கருணாகரன்.

"இந்த மாதிரிதான். எதைக் கேட்டாலும் புரூஃப் பாத்துட்டுத்தான் பதில் வரும்," என்று அலமேலு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினாள்.

பேட்டிக்கு அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த நாவலின் கடைசி எட்டுப் பக்கங்களைச் செம்பியன் எழுதவில்லை. கருணாகரன் எழுதினார். அது தெரிந்த இன்னும் இரண்டு பேர் செம்பியனும் அச்சக முதலாளியும். இருவரும் போய்விட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் காபி கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

மாத நாவல் தொண்ணூற்றாறு பக்கம். பதினாறு பக்கம் ஒரு பாரம்; ஆறு பாரம். அந்த மாதம் செம்பியன் எழுதி அனுப்பியது எண்பத்தெட்டாம் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆள் வெளியூரில். மறுநாள் காலை மிஷினில் ஏற்றியாக வேண்டும். "எட்டுப் பக்கமும் ஊறுகாய் விளம்பரமா போடறது? ஏதாவது எழுதி ரொப்புய்யா," என்றார் முதலாளி.

செம்பியனின் கதையில் காதலன் பஸ்ஸிலிருந்து இறங்குவான். நிறுத்தத்தில் அவள் நிற்பாள். முற்றும். கருணாகரன் அந்தக் கடைசி வரியை அடித்தார். பஸ்ஸை நடுவழியில் பழுதாக்கினார். மழையைக் கொண்டுவந்தார். அவன் ஓடி வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. மறுநாள் காலை அவளை ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. செம்பியன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எழுதிய நாவல்களிலெல்லாம் பெண்கள் செத்தார்கள்.

மஹதி போனை ரெக்கார்டில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"எல்லாரும் இதை விதின்னு படிக்கிறாங்க சார். பஸ் கெட்டுப்போச்சு, மழை, பாவம் என்ன பண்ணுவான்னு. நான் அப்படிப் படிக்கல. அவனுக்கு அவ கிடைக்கிறது பயமா இருக்கு. அவ இல்லாமப் போனா காலம்பூரா காதலிக்கலாம். செத்துப்போன பொண்ணு எதுவும் கேக்க மாட்டா இல்ல?"

"கதையில அவன் ஓடி வரானேம்மா."

"வரான். ஆனா எண்பத்தொன்பதாம் பக்கத்தைப் பாருங்க." புத்தகத்தை எடுத்து வாசித்தாள். "'அவள் துணிப்பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். சற்றுக் கழித்து மறுபடி வலது கைக்கு. பையைக் காலடியில் வைத்தாள். ஈரம் பட்டுவிடும் என்று உடனே எடுத்துக்கொண்டாள்.'"

நிமிர்ந்தாள்.

"அவன் வரும்போது நிறுத்தம் காலி. இந்தக் கதையில அவன் கண்ணால பாக்காதது ஒரு வரி கிடையாது. அப்ப இதைப் பாத்தது யாரு சார்?"

கருணாகரன் புத்தகத்தைக் கையில் வாங்கினார். பதினெட்டுப் பதிப்பு. பதினெட்டையும் அவர்தான் திருத்தினார். ஒரு கால்புள்ளி தப்பியதில்லை. இந்தப் பத்தி ஒருமுறைகூட அவர் கண்ணில் இடறவில்லை.

"அவன் முன்னாடியே வந்துட்டான்," என்றாள் மஹதி. "எதிர்ல எங்கயோ நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கான். கதை அதை மறைக்குது. இந்த ஒரு இடத்துல மட்டும் மறைக்க மறந்துடுச்சு. நனவிலின்னு சொல்றது இதைத்தான் சார். செம்பியன் வாழ்க்கையில நிஜமாவே ஒரு பொண்ணு இருந்திருக்கணும். உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கத்தான் வந்தேன். இல்லன்னா பெசன்ட் நகர்ல அவர் சம்சாரம் இருக்காங்க, அவங்களைத்தான் கேக்கணும்."

"படத்துல எவ்வளவு சாதுவா இருப்பார்," என்றாள் அலமேலு. "பாவி மனுஷன்."

தேவானை அதே அச்சகத்தில், பைண்டிங்கில் பாரம் மடித்தவள். ஆற்றங்கரைக் குப்பத்திலிருந்து நடந்து வருவாள். "இன்னா புரூஃப் சார், என் மூஞ்சில எதுனா தப்பு கீதா, இப்டிப் பாக்குற?" என்று அவள்தான் முதலில் பேசினாள். கடைசியாகப் பேசியதும் அவள்தான். "லேட் பண்ணாத. நான் நிக்கசொல்ல நைனாவுக்குத் தெரிஞ்சவங்க பாத்தாங்கன்னா வம்பு."

அவள் நின்ற பஸ் நிறுத்தத்தை மெட்ரோ வேலைக்காக எடுத்துவிட்டார்கள். அவள் நிற்க நிறுத்தம் வேண்டியிருக்கவில்லை. வங்கி வரிசையில், மருந்துக்கடை வாசலில், எந்தப் பெண் பையைக் கை மாற்றினாலும் கருணாகரன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது தன் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்று இன்று நாலேகால் மணிவரை நம்பியிருந்தார்.

"செம்பியன் ஆத்துக்குப் போகாதேம்மா. அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. கடைசி எட்டுப் பக்கம் அவர் எழுதினதில்லை. நான் எழுதினேன்."

அலமேலு சிரித்தாள். "ஆமாம். பால் கணக்கைத் தவிர இவர் என்ன எழுதியிருக்கார்?"

மஹதி சிரிக்கவில்லை. ஆனால் அவள் குரல் கனிந்துவிட்டது. கருணாகரனுக்கு அது பிடிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இதோட நாலு பேர் சொல்லிட்டாங்க, அது என் கதைன்னு. கோடம்பாக்கத்துல ஒருத்தர் அழுதே அழுதுட்டார். அவர் லவ் பண்ணினவங்க துபாய்ல நல்லாத்தான் இருக்காங்களாம். இந்த நாவல் அப்படி ஒரு இடத்தைக் காலியா வெச்சிருக்கு, ஆம்பளைங்க போய் உக்காந்துடறாங்க. அதுக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கேன்."

"நான் வாசகன் இல்லைம்மா."

"உங்க கையெழுத்துல பிரதி ஏதாவது இருக்கா?"

"கம்போஸ் ஆனதும் எடைக்குப் போயிடும். அச்சகத்தையே இடிச்சாச்சு. அங்க இப்போ நகைக்கடை."

மஹதி தலையசைத்து நோட்டை மூடினாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். இவள் நம்பவில்லை, இனி யார் சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை. முப்பத்தைந்து வருஷமாக அவர் வேண்டிக்கொண்டது இதைத்தான். கிடைத்தபோது தாங்கவில்லை.

"ஒக்காரு," என்றார். "புஸ்தகத்துல இல்லாதது ஒண்ணு சொல்றேன்."

மஹதி எழுந்தவள் உட்கார்ந்தாள்.

"தொண்ணூறாம் வருஷம், நவம்பர் ஒம்பது, வெள்ளிக்கிழமை. அடையாறு பாலத்துக்கு முந்தின ஸ்டாப். அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். ரெண்டு பேரும் ஊரைவிட்டுப் போறதா இருந்தோம். நான் நாலே முக்காலுக்கே வந்துட்டேன். பஸ் ஒண்ணும் கெட்டுப்போகலை. எதிர்ல ஒரு சைக்கிள் கடை இருந்தது, அங்க நின்னேன். அஞ்சே முக்கால்வரைக்கும் நின்னேன். அவகிட்ட குடை இல்லை. என்கிட்ட இருந்தது. நடுவுல ரோடு, அவ்வளவுதான். ஒரு தரம் அவ நான் நின்ன பக்கம் பாத்தா. நான் குடையை முகத்துக்கு முன்னால சாய்ச்சுண்டேன். மறுபடி நிமிர்த்தினப்போ அவ பாலத்துப் பக்கம் நடந்து போயிண்டிருந்தா."

மஹதி நோட்டை மறுபடி திறந்தாள்.

"அவங்க பேரு, சார்?"

"தேவானை. அப்பா பேர் பொன்னுரங்கம். கால் வழுக்கி ஆத்துத் தண்ணில விழுந்து செத்துட்டாள்னு போலீஸ்ல எழுதினா. எங்க யாரையும் ஒண்ணும் கேக்கலை."

போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. கீரைத் தண்டு ஒடியும் சத்தம் எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை. அலமேலு கணவனைப் பார்க்கவில்லை. ஆய்ந்த இலைகளைத் தட்டின் நடுவில் கூட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"என்னைப் பொண்ணு பாக்க எங்காத்துக்கு வந்தது அன்னிக்கு சாயங்காலம்தானே? அங்கேர்ந்து நேரா வந்தேளா?"