மூடி மாறிய பீக்கர்

காலை ஒன்பது மணிக்கு ‘மூணுதரம்’ தன் பேராசிரியருக்குப் போன் செய்து, எல்லாம் போச்சு என்று சொல்லிவிட்டாள். எதையும் மூன்று முறை அளக்காமல் நம்பமாட்டாள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர்தான் ‘மூணுதரம்’. அன்றைக்கென்று பார்த்து, ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வாயைத் திறந்துவிட்டாள்.

பார்த்தது அப்படி. இரண்டு வருஷமாக அவள் செய்துகொண்டிருந்தவை கண்ணுக்குத் தெரியாத குட்டி வண்டிகள். உள்ளே புற்றுநோய்க்கான சிவப்பு மருந்து, வெளியே பாலிமர் போர்வை. ரத்தத்தில் போகும்போது போர்வை இறுக மூடியிருக்க வேண்டும். புற்றுநோய்க் கட்டிக்குள் இருக்கும் அமிலப் புளிப்பு பட்டதும் கழன்று மருந்தைக் கொட்ட வேண்டும். சோதித்துப் பார்க்க, வண்டிகளைச் சவ்வுப் பைகளில் கட்டி இரண்டு பீக்கர்களில் முக்கியிருந்தாள். ஒன்றில் ரத்தத்துக்கு ஈடான உப்புநீர், மற்றதில் கட்டிக்கு ஈடான புளிப்புநீர். வெந்நீர்த் தொட்டியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தன. காலையில் வந்து பார்த்தால், ‘ரத்தம்’ என்று எழுதிய பீக்கரில் தண்ணீர் செக்கச்செவேல் என்றிருந்தது. ‘கட்டி’யில் துளி நிறம் இல்லை. அதாவது வண்டி மருந்தை வழியெல்லாம் சிந்திவிட்டு, சேர வேண்டிய இடத்தில் கல்லுளிமங்கன் போல வாயை மூடிக்கொண்டு நிற்கிறது.

பேராசிரியர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. திங்கட்கிழமை, மருந்தை எலிகளுக்கு ஏற்றிப் பார்க்கும் எலிக்கூடத்தில் தங்களுக்கு ஒதுக்கிய இடத்தைப் பக்கத்து ஆய்வகத்துக்கு விட்டுக்கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பத்து மணிக்குப் பட்டியல் முடிவாகிவிடும். அதற்கப்புறம் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவளுடைய வேலைக்காலமே முடிந்துவிடும்; வண்டிகளை எடுத்து ஓட்ட வேறு ஆள் கிடையாது.

ஒன்பதே முக்காலுக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாத்திரம் கழுவப் போனாள். ‘ரத்தம்’ மூடியைத் திறந்து, கழிவுப் புட்டியில் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றாள். லேசாக வினிகர் வாடை. ரத்த உப்புநீருக்கு ஏது வாடை? புளிப்புநீரில்தான் அந்த அமிலத்தைக் கலப்பாள். மறுபடி மோந்தாள். இன்னொரு முறையும் மோந்தாள். சந்தேகமே இல்லை.

வெந்நீரின் ஆவி பட்டால் பீக்கரின் பக்கத்தில் எழுதும் மை அழிந்துவிடும் என்று, பெயர்களை மூடியில் எழுதியிருந்த மகராசி அவள்தான். நேற்று மாலை, இன்னும் எதிலும் நிறம் ஏறாத நேரத்தில், சோதனைக்கு இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்தபோது அக்காவின் போன் வந்தது. அக்காவுக்கு மருத்துவமனையில் ஏறுவதும் இதே சிவப்பு மருந்துதான், வண்டி கிண்டி எதுவும் இல்லாமல். ஐந்தாவது தடவை முடிந்தது, இந்த முறை வாந்தி குறைவு, தலையில் முடிதான் மிச்சமில்லை என்று அக்கா சொல்லச் சொல்ல, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கைபோன போக்கில் மூடிகளைப் போட்டிருக்கிறாள்.

அப்படியானால் தோற்கவே இல்லை! சிந்தக் கூடாத இடத்தில் சிந்தாமல், கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டியிருக்கிறது. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இரண்டு பீக்கரையும் தட்டில் வைத்துக்கொண்டு, சிந்தாமல் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாகப் பேராசிரியர் அறைக்கு ஓடினாள்.

மூச்சு வாங்க அவள் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“தோத்தவங்க எல்லாரும் லேபிள் மாறிடுச்சுன்னுதாம்மா சொல்லுவாங்க. நானும் ஒரு காலத்துல சொல்லியிருக்கேன். மோப்பம் பிடிச்சதை எல்லாம் ஆதாரம்னு எழுத முடியாது.”

சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு எட்டு நிமிஷம். அவள் கோட்டுப் பையிலிருந்து புளிப்பைக் காட்டும் தாள் சுருளை எடுத்து நீட்டினாள். அவர் ஒரு துண்டைக் கிழித்துச் சிவப்பு நீரில் முக்கினார். மருந்தின் நிறம் ஏறித் தாளும் சிவந்துபோனது. அதில் புளிப்பையும் காண முடியவில்லை, உப்பையும் காண முடியவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கியதும் அவளுக்கு உயிரே போய்விட்டது. அடுத்த நொடியே மூளை முழித்துக்கொண்டது.

“சார், அது வேணாம். தெளிவா இருக்கறதுல முக்குங்க. புளிப்புநீர்னா மஞ்சள் காட்டும். உப்புநீர்னா பச்சை.”

புதுத் துண்டு உள்ளே போய் வெளியே வந்தது. இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளாத குறையாகக் குனிந்தன. பச்சை. அவர் இன்னொரு துண்டு கிழித்தார். அதற்கப்புறம் இன்னொன்று. மூன்றும் பச்சை. மனுஷருக்கும் அவளுடைய வியாதி தொற்றிக்கொண்டது.

பேராசிரியர் உடனே போன் போட்டதும் எலிக்கூடத்துப் பொறுப்பாளர் முணுமுணுத்தார். பக்கத்து ஆய்வகத்தின் பெயரை எழுதியாயிற்றாம். “எழுதினா என்ன, அந்தப் பேரை அடிச்சுடுங்க,” என்றார் பேராசிரியர். “திங்கட்கிழமை எங்களோடது.”

போனை வைத்துவிட்டு, மூடி மாறிய கதையை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதச் சொன்னார். திங்கட்கிழமைக்குள் இன்னொரு தடவை செய்துகாட்ட வேண்டும், இந்தத் தடவை கண்ணாடியிலேயே பெயரைக் கீறிவிடு என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கால் தரையில் பாவவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை எலிகளுக்கு மருந்து ஏறுகிறது என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

“உன் வண்டி எனக்கு வந்து சேராதுடி, அது தெரியும்,” என்றாள் அக்கா. “ஆனா அந்த எலிங்களுக்கு முடி கொட்டலன்னா, மொதல்ல எனக்குச் சொல்லு.”